படுத்த மாடும் பழிவாங்க வந்த மருமகளும்

என் மாமியார் நாடகம் பார்க்கும்போது பக்கத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் தொடையில் அடி விழும். கதையில் யாராவது அநியாயம் செய்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது, கிட்டத்தில் இருப்பவர் தொடையில் ஓங்கி ஒன்று வைப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் இது தெரியாமல் நான் மருமகள் மரியாதையோடு அருகில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு நாடகத்தில் ஒரு சொத்துப் பத்திரத்தைக் கொளுத்தினார்கள். கொளுத்தியது யாரோ, வாங்கிக்கொண்டது நான். அதற்கப்புறம் என் தையல் மிஷினைக் கூடத்தின் மூலையில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து திரை முழுதாகத் தெரியும், அத்தையின் கை எட்டாது.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னத்துக்குப் பக்கம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும்தான் எங்கள் பிழைப்பு. வெங்காயம் பிடுங்குகிற பருவத்தில் ஐந்தாறு பெண்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து காய்ந்த தாளை அரிந்து கொடுப்பார்கள். கை வேலையில் இருக்கும், வாய் முந்தின நாள் நாடகத்தில் இருக்கும். வீட்டு ஆண்கள் அந்தப் பக்கம் வந்தால் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வழியும். வெங்காயத்துக்கா கதைக்கா என்று அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்கும் பாதி நேரம் தெரியாது.

நான் சொல்லப்போகும் காலத்தில் ஓடிய நாடகம் ஒரு பழிவாங்கும் கதை. ஒரு பெரிய குடும்பம், ஒரு ஏழைத் தகப்பனை ஏமாற்றி, ஊர் நடுவில் அவமானப்படுத்தி, அவர் சாவுக்குக் காரணமாகிவிடுகிறது. அவருடைய மகள் வளர்ந்து, பேரை மாற்றிக்கொண்டு, அதே குடும்பத்துக்கு மருமகளாக வந்து சேர்கிறாள். பாயசத்தில் எதையோ கலப்பாள். அண்ணன் தம்பிக்குள் மூட்டிவிடுவாள். காரியம் முடிந்ததும் தனியாக ஒரு சிரிப்புச் சிரிப்பாள். உடனே இடி இடிக்கும். கூடத்தில் இருக்கிற எல்லோர் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுவார்கள். அந்த வீட்டில் அத்தனை இடி இடித்தும் ஒரு நாள்கூட மழை பெய்து நான் பார்த்ததில்லை.

வாசலில் இரண்டு கட்சி. என் மாமியார் ஒரு கட்சிக்குத் தலைமை.

"வாழ வந்த எடத்துல வாழறத வுட்டுட்டு குடும்பத்தக் கெடுக்கறா பாரு. இவளெல்லாம் நல்லாயிருப்பாளா?"

பக்கத்து வீட்டு அக்கா எதிர்க்கட்சி. "அவ அப்பனைக் கொன்னுப்புட்டாங்கல்ல? பின்ன என்னா, ஆரத்தி எடுப்பாளா?"

இப்படி ஆரம்பித்தால் கத்திகள் வேகம் பிடிக்கும். தாளோடு போகவேண்டிய இடத்தில் வெங்காயத்தில் பாதி போய்விடும். என் கணவர் வந்து கூடையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு அந்த வூட்டக் கெடுத்தாளோ என்னமோ, நம்ம வெங்காயத்தக் கெடுத்துட்டா" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. நாடக நேரத்தில் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார், பக்கம் மட்டும் புரளாது.

நான் எந்தக் கட்சியும் இல்லை. கதை சுத்த அபத்தம் என்பது என் அபிப்பிராயம். பேரை மாற்றிக்கொண்டு வந்தால் ஒரு ஆதார் அட்டை கூடவா பார்க்க மாட்டார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அவள் முதல்முறையாக மாட்டிக்கொள்ளப்போன அன்று ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். தைக்கக் கொடுத்தவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நேத்து அந்த எடத்துல தைச்சீங்களாக்கா?" என்று கேட்டாள், பிரித்துத் தரும்வரை உட்கார்ந்து அதைப் பற்றியே பேசிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, என் கொழுந்தனாருக்கு அந்த வரன் வருகிறவரை.

கொழுந்தனார் என் கணவருக்கு ஒரே தம்பி. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மின்சார வேலை. காலையில் பஸ் ஏறிப் போய் இருட்டினதும் வருவார். வயது முப்பதைத் தாண்டி நடுவில் நின்றுகொண்டிருந்தது, தலைமுடி அதற்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன இடமெல்லாம் ஏதோ ஒரு காரணம். ஒரு இடத்தில் ஜாதகம் சேரவில்லை. ஒரு இடத்தில் பெண்ணுக்குத் திருச்சியில்தான் வாழவேண்டுமாம். இன்னொரு இடத்தில் எல்லாம் சரியாகி வந்து, கடைசியில் தலையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வருவார். வந்து, சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். அந்தப் பொய்யைக் கேட்க எனக்கு ஆத்திரமாக வரும், அவர்மேல் அல்ல, எழுந்து போனவர்கள்மேல்.

தரகர் கொண்டுவந்த இந்தப் பெண் அரியலூருக்கு அந்தப் பக்கம். தகப்பனார் இல்லை, அம்மாவும் தாய்மாமனும்தான். பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். வாலிகண்டபுரம் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தோம். அவளுடைய மாமா வந்திருந்தார், அம்மா வரவில்லை; எங்கள் பக்கம் அத்தையும் வரவில்லை. பெரியவர்கள் சந்நிதிப் பக்கம் போனபோது அவள் என் கொழுந்தனாரிடம் ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"ஷாக் அடிச்சிருக்கான்னு கேட்டுச்சு அண்ணி. ரெண்டு தடவ அடிச்சிருக்குன்னேன். அதான் முடி கொட்டிடுச்சான்னு கேட்டுச்சு."

அவர் முடியைப் பற்றி ஒருவர் கேட்டு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இறங்குவதற்கு முன்னால் மெதுவாகச் சொன்னார்: "அண்ணி, இந்த எடம் தட்டிப்போச்சுன்னா இனிமே எனக்கு யாரையும் பாக்க வேணாம். அண்ணங்கிட்ட நீங்களே சொல்லிடுங்க." விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் பெண் வீட்டாரின் ஊரையும் தகப்பனார் பேரையும் சொன்னோம். அத்தை, அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அந்த மாடு வாங்கினவரு பொண்ணா?"

மாட்டுக் கதை எனக்கு அன்றுவரை தெரியாது. என் மாமனார் ஏர் ஓட்டிய காலத்தில் எங்களிடம் ஒரு காளை இருந்ததாம். பார்க்க லட்சணமாக இருக்கும், திமில் கொழுத்து நிற்கும், நுகத்தடியைத் தோளில் வைத்தால் மட்டும் உழவுசாலிலேயே படுத்துக்கொள்ளும். அடித்தாலும் எழுந்திருக்காது. மாமனார் அதைச் சந்தையில் அந்த மனிதருக்கு விற்றுவிட்டார். படுக்கும் என்பதைச் சொல்லவில்லை. அவர் ஒரு வாரத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்து நியாயம் கேட்டார். மாமனாரோ, பார்த்து வாங்கவேண்டியது உன் பாடு என்று சொல்லி, பத்துப் பேர் பார்க்க அவரைத் தோளில் கைவைத்துத் தள்ளிவிட்டார். அந்த மனிதர் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனாராம். மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், மாடு எப்போதோ போயிருக்கும்.

"பாத்தியா," என்றார் அத்தை. "அப்பனை ஏமாத்தினாங்க. ஊரு நடுவுல அவமானப்படுத்தினாங்க. அப்பனும் செத்துட்டாரு. இப்பப் பொண்ணு மருமவளா வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை. என் கணவர் செய்தித்தாளை இறக்கிவிட்டு, "ஏம்மா, படுத்த மாட்டுக்கா பழி வாங்குவாங்க?" என்று கேட்டார்.

"அவமானத்துக்குடா. மாட்டுக்கு இல்ல."

அவர் செய்தித்தாளை மறுபடியும் முகத்துக்கு நேரே தூக்கினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு போய்விட்டது. தள்ளிவிடப்பட்ட ஒரு மனிதர் மாட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து போனது கொஞ்ச நேரம் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தப் பெண் அப்போது பிறந்திருப்பாளா, வீட்டில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்றெல்லாம் நினைத்தேன்.

அதிலிருந்து தினமும் நாடகம் முடிந்ததும் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. நாடகத்தில் அவள் மாமனாரின் மாத்திரையை மாற்றி வைத்தாளா, அத்தை தன் சர்க்கரை மாத்திரை டப்பாவை எடுத்துப் பீரோவில் வைத்தார். வரப்போகிற மருமகளுக்காக முன்கூட்டியே! "நமக்கு யாரு இருக்கா மாத்திரைய மாத்தி வெக்க?" என்று கேட்டேன். "இப்ப இல்ல," என்றார். கொழுந்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைவார். ஒரு நாள் வந்ததும் வராததுமாக, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையிடம் போய், உங்கள் மகன் வாழ்க்கை பெரிதா, எவனோ எழுதுகிற கதை பெரிதா என்று குரலை உயர்த்தியே கேட்டுவிட்டேன். அத்தை பீரோச் சாவியை இடுப்பில் செருகினார். "வரச் சொல்லு. வூட்ட வந்து பாக்கட்டும்," என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

தரகரிடம் சொல்லி அனுப்பினால், அங்கேயும் இழுபறியாம்.

"பொண்ணோட அம்மாதாங்க யோசிக்குது," என்றார் தரகர், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு. "அது ஒரு நாடகம் பாக்குதுங்க. அதுல வந்த மருமவள மாமியாக்காரி சாமான் ரூம்புல வெச்சிப் பூட்டிப்புட்டாளாம். பழைய பகை இருக்கற வூட்டுல பொண்ணக் குடுத்தா இப்படித்தான் ஆவுமுன்னு சொல்லுதுங்க."

எந்த நாடகம் என்று நான் கேட்கவே இல்லை. அங்கே ஒரு எதிர்க்கட்சித் தலைவி உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துபோயிற்று.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் வீடு பார்க்க வருவதாக முடிவாயிற்று. எங்கள் பக்கம் இதில் ஒரு முறை உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்களுக்குக் காப்பி, பலகாரம் கொடுக்கலாம், அவர்களும் சாப்பிடலாம். சோறு மட்டும் போடக் கூடாது, போட்டாலும் அவர்கள் தொட மாட்டார்கள். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊரில் பேச்சு கேட்கவேண்டி வரும். அதனால் பேச்சு முடிகிறவரை எத்தனை பசித்தாலும் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். பத்து மணிக்கு வந்து மாலைவரை வெறும் காப்பியிலேயே உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மதியத்துக்குமேல் வரவேண்டியவர்கள் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அரியலூர் தாண்டி ஒரு சுண்ணாம்புக்கல் லாரி குறுக்கே நின்றுபோனதாம், வேனால் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் போக முடியவில்லையாம். இறங்கும்போதே எல்லோர் முகமும் வாடியிருந்தது. ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெண்ணின் அம்மாவைக் கூடத்தில் பாய் விரித்து என் மாமியாருக்கு அருகில் உட்கார வைத்தோம். இந்தப் பக்கம் எங்கள் அத்தை, நடுவில் பக்கத்து வீட்டு அக்கா, அந்தப் பக்கம் அந்த அம்மா.

காப்பி குடித்தார். மிக்சரில் இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குறிப்பாகச் சாமான் அறையைத் திறந்து பார்த்தார். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றுதான் பார்த்தார், நான் கவனித்தேன். வெங்காய மூட்டைகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் பேச்சு ஓடவில்லை. மழை இல்லை என்று அவர் சொன்னார். ஆமாம், மழை இல்லை என்று அத்தை சொன்னார். அதோடு மழையும் முடிந்துபோயிற்று. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் விட்டு மறுபடியும் பார்த்தார்.

எனக்குப் பொறி தட்டியது. அன்று நாடகத்தில் சிறப்புக் காட்சி, ஞாயிற்றுக்கிழமையிலும் போடுகிறார்கள். தகப்பனார் சாவுக்குக் காரணம் யார் என்பது அன்று வெளிவரப்போகிறது என்று ஒரு வாரமாக இடி இடித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அத்தையே டிவிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

"நீங்களும் பாக்கறதுண்டுங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எப்பவாச்சும்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "வேல இல்லாதப்ப."

"நானும் அப்படித்தான்," என்றார் என் மாமியார். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டேன். "போடும்மா, அது பாட்டுக்கு ஓடட்டும்."

துண்டை எடுத்தேன். ஆரம்பித்து இரண்டு நிமிஷம் இரண்டு பேரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள், ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருக்கிற மாதிரி. மருமகள் மாமியாரின் எதிரே வந்து நின்றாள். மாமியார் கையை ஓங்கினாள்.

"கைய ஓங்கறா பாரு, எடுபட்டவ," என்றார் பெண்ணின் அம்மா, தன்னை மறந்து.

"இவ மட்டும் ரொம்ப ஒழுங்கோ?" என்றார் என் மாமியார்.

இரண்டு பேரும் சட்டென்று மறுபடி விறைத்துக்கொண்டார்கள். வாசலில் கொழுந்தனார் வேலை இல்லாமல் நாற்காலிகளை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார். நானே போட்ட டிவியால் சம்பந்தம் போய்விடும் போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாடகத்தில் அந்தப் பெரியப்பா உள்ளே வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஜெபமாலை. எத்தனை மாதமாக எல்லோருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்த மனிதர்! அவர்தான் எல்லாம் செய்தது. அந்தப் பெண்ணின் தகப்பனாரை ஏமாற்றியது அவர், பழியைத் தம்பி குடும்பத்தின்மேல் போட்டது அவர். மாமியாரும் மருமகளும் இத்தனை நாள் ஒருவரை ஒருவர் நோகடித்ததை அவர் பக்கத்தில் இருந்தே பார்த்து ரசித்திருக்கிறார்.

"அடப்பாவி!" என்று என் மாமியார் கத்தினார். கை போய் விழுந்தது. அக்கா அதற்குள் விவரமாக எழுந்து கதவோரம் போய்விட்டிருந்தார். அடி விழுந்தது பெண்ணின் அம்மா தொடையில்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்த அம்மா என் மாமியார் தொடையில் ஒன்று வைத்துக்கொண்டிருந்தார். "இவந்தாங்க! நான் அன்னிக்கே சொன்னேன், இவன் பட்டையும் கொட்டையும் சரியில்லன்னு எங்க அண்ணங்கிட்ட சொன்னேன்!"

"ரெண்டு பொம்பளைங்கள மோதவுட்டு வேடிக்க பாத்திருக்கான் பாருங்க!"

இரண்டு கட்சியும் கலைந்து ஒரே கட்சியாகிவிட்டது. நான் சமையலறைக்குப் போனேன். அத்தை மாத்திரை போட்டு நேரமாகிவிட்டது, இனிமேல் சாப்பிடாமல் இருந்தால் தலை சுற்றும். விருந்தாளிகள் முன்னால் சரியில்லைதான், ஆனாலும் தட்டில் சோறு போட்டு, முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் போட்ட குழம்புக் கிண்ணத்தைக் கரண்டியோடு எடுத்துவந்து அத்தையின் பக்கத்தில் வைத்தேன். அத்தை திரும்பிப் பார்க்காமல், "வெச்சிட்டுப் போ," என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து சமையலறை வாசற்படியில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பெண்ணின் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இரவுச் சாப்பாடு நாடகத்தோடுதான். அந்த நேரத்தில், அந்த இசை கேட்டால், தரையில் தட்டு இருந்தால், கை தானாகப் போகும். அவருடைய கையும் போயிருக்கிறது. கண் திரையில், வாயில் பெரியப்பாவுக்கு வசவு, கை மட்டும் சோற்றைப் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தது. என் மாமியார் என்ன செய்தார் தெரியுமா? அவரும் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. பக்கத்தில் சாப்பிடுவது அக்கா என்று நினைத்தாரோ என்னவோ, சோறு வறண்டிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்து, கரண்டியை எடுத்துக் குழம்பு ஊற்றினார். கொஞ்சம் விட்டு மறுபடியும் ஊற்றினார், முருங்கைக்காய் இரண்டைத் தேடி எடுத்துப் போட்டார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதுதான் மரியாதை. ஆனால் நான் கொழுந்தனாரை நினைத்தேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. கதவோரம் நின்ற அக்காவும் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நான் உதட்டின்மேல் விரலை வைத்தேன்.

விளம்பரம் வந்தது. அதே நேரம் பார்த்துப் பெண்ணின் மாமா, "நேரமாச்சும்மா, கெளம்பலாம்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார். தங்கச்சி கையைப் பார்த்தார்.

"ஏம்மா! கை நனைச்சிட்டியா?"

அந்த அம்மா தன் கையைப் பார்த்தார். என் மாமியார் தன் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார். டிவியில் யாரோ ஒரு சோப்பைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நிஜமாகவே எல்லோர் முகத்தையும் மூன்று தடவை காட்டுகிற நேரம் அதுதான், இடிதான் இடிக்கவில்லை.

"தெரியாம நடந்தது," என்றார் மாமா, சத்தமாக, வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கிறாற்போல. "இதக் கணக்குல எடுத்துக்கக் கூடாது. பேச்சு இன்னும் முடியல. எந்திரிம்மா நீ."

அந்த அம்மா எழுந்திருக்கப் போனார். என் மாமியார் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"அந்த மாடு படுக்குமுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போறப்ப நான் வாசல்லதான் நின்னேன். சொல்லியிருக்கணும், சொல்லல. உங்க வூட்டுக்காரர அவரு தள்ளினப்பவும் நின்னேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல. தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னுகூட சொல்லல. அது மனசுல கெடக்குது. அதான் உங்க பொண்ணு வருதுன்னதும் எனக்கு பயம்."

நான் அந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அத்தை ஒரு தப்பை ஒப்புக்கொண்டு கேட்டதில்லை.

பெண்ணின் அம்மா எழுந்திருக்கவில்லை. தட்டில் பாதிச் சோறு இருந்தது. அதை விரலால் ஒன்றாகக் கூட்டினார்.

"எந்திரின்னு சொல்றன்ல?" என்றார் மாமா.

"இருண்ணே," என்றார் அவர். "எம் பொண்ணப் போட்டுப் பூட்டி வெப்பாங்கன்னு பயந்துகிட்டே வந்தேன். பகை வெச்சிருக்கறவ எதுக்கு ரெண்டாந்தரம் கொழம்பு ஊத்தறா? முருங்கக்காய வேற பொறுக்கிப் பொறுக்கிப் போட்டிருக்கா." பிறகு என் மாமியார் பக்கம் திரும்பினார். "மோரு இருந்தா ஊத்துங்க சம்மந்தி."

மோர்ச் சட்டியை நான் எடுத்துவர, அத்தை தட்டு நிறைய ஊற்றினார். நான் இன்னொரு தட்டில் சோறு போட்டு அத்தை முன்னால் வைத்தேன். விளம்பரம் முடிந்து நாடகம் திரும்ப வந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். மாமா, "யாரு செஞ்சதாம்?" என்று கேட்டுவிட்டு, என் கணவர் செய்தித்தாள் பிடிக்கிற கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனேன். கொழுந்தனார் அங்கே வந்து நின்றார். வாசலில் இருந்தவருக்கு உள்ளே சத்தம் கேட்டிருக்கிறது, என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் பயம்.

"அண்ணி, அவங்க நெசமாவே சாப்ட்டாங்களா?"

தட்டைக் காட்டினேன். ஓரத்தில் மென்று போட்ட முருங்கைக்காய்ச் சக்கைகள், நடுவில் மோர் ஈரம். அவர் என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு குழாயடியில் குந்தினார். எங்கள் வீட்டில் ஆண்கள் தட்டுக் கழுவியதில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சாம்பல் போட்டு, அடிப்பக்கம், விளிம்பு எல்லாம் தேய்த்தார்.

"மோரு கேட்டாங்க," என்றேன். "மோரு ஊத்துங்க சம்மந்தின்னாங்க."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் தலை நிமிரவில்லை.

"என்னான்னாங்க? இன்னொரு தரம் சொல்லுங்க அண்ணி."

சொன்னேன்.